இருவருக்கான அறை

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

மருமகன் ஃபைஸுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. அவரும் ஷமீமாவும் போவதாக இருந்த அந்தமான் பயணத்துக்கு இப்போது மகள் என்னைக் கூப்பிடுகிறாள். கோயமுத்தூரிலிருந்து போன் செய்து, “நீங்க வாங்கம்மா, யூனிட்டை விட்டா வேற என்னத்தப் பாத்திருக்கீங்க” என்றாள். மறுப்பேன் என்று நினைத்து இன்னும் நாலு காரணம் தயாராக வைத்திருந்தாள் போல. நான் சரி என்றதும் அத்தனையும் வீண்.

எனக்கும் திருப்பூரை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. பசீர் அகமதுக்குப் பதில் சொல்ல வேண்டும். எலாஸ்டிக், லேபிள் கடைக்காரர். என்னைப்போலவே தனி ஆள், மனைவியை இழந்து சில வருஷம் ஆகிறது. போன வாரம், தைத்த பனியனைச் சரிபார்த்து அனுப்பும் என் செக்கிங் யூனிட்டுக்கு வந்து, நடுவில் யாரையும் வைக்காமல் நேராகவே கேட்டார். “என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லீங்க.” பின்னால் பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்களின் கத்திரிச் சத்தம் மொத்தமாக நின்றது. ஆக, ரகசியம் என்று ஒன்றும் இல்லை. ஷமீமாவுக்கு மட்டும்தான் தெரியாது.

பிப்ரவரி 8, சனி

விமானம், பிறகு கப்பல், பிறகு வேன். தீவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. எங்கள் அறை வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. கடல் என்றால் அலை அடிக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தத் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கிறது.

கட்டிலில் ரோஜா இதழால் பெரிய இதயம். துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள். புதுமணத் தம்பதிக்கென்று பண்ணியதாம். ஷமீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் அன்னங்களைப் பிரித்து, துண்டின் ஓரத் தையலைப் பார்த்தேன். சுத்தமான வேலை. சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நீச்சல் குளத்தில் காட்டன் துணியோடு இறங்கக் கூடாதாம். பாலியஸ்டர்தான் சரியாம். திருப்பூர்க்காரியிடம் போய்! குளம் உங்களுக்கே இருக்கட்டும் என்று வளைகுடாவில் இறங்கினேன். அங்கே துணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்தால் கழுத்துவரை இதமான தண்ணீர். எழுந்திருக்கவே மனமில்லை.

யூனிட்டுக்குப் போன் போட்டேன். சூப்பர்வைசர் வேல்விழி திருநெல்வேலிப் பெண். “எல்லாம் ஓடுதுக்கா. நீங்க போனை வைங்க” என்று அவளே வைத்துவிட்டாள்.

மத்தியானம் தென்னை நிழலில் தூங்கினேன். பகலில் தூங்கி எத்தனை வருஷம்!

இப்படிச் சும்மா இருப்பது எனக்கு வராது என்று நினைத்திருந்தேன். நன்றாகவே வருகிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். நல்லதாக எதையாவது பார்த்தால், அதை யாரிடம் சொல்லலாம் என்று மனசு தேடுகிறது. தேடிப் போய் நிற்கிற முகம் பசீருடையது.

அப்படியென்றால் பதில் தெரிந்துவிட்டதே.

பிப்ரவரி 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

தம்பதி விருந்து என்று சாயங்காலம் கரையில் மேசை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று தோன்றியது. சுற்றி வளைக்காமல் பசீர் கேட்டதைச் சொன்னேன். எனக்குச் சம்மதம் என்பதையும் சொன்னேன்.

ஷமீமா கரண்டியைக் கீழே வைத்தாள். “எங்கிட்டக் கேக்கணும்னு தோணலையாம்மா?” அவ்வளவுதான். எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

நான் போகவில்லை. சுட்ட மீன் அப்போதுதான் வந்திருந்தது, நல்ல மீன். உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டேன். பரிமாறுகிற பையன் என்னைப் பாவமாகப் பார்த்தான். பாவம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஷமீமா பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. நானென்ன தப்பா பண்ணிட்டேன்? பதினோரு வருஷம் ஒத்தையா நின்னு படிக்க வெச்சு, கட்டிக் குடுத்து — இதையெல்லாம் அவகிட்டச் சொல்லிக் காட்ட மாட்டேன். இங்கே எழுதியதோடு சரி.

பிப்ரவரி 12, புதன்

இன்று துடுப்புப் படகு. ஒரு படகில் இருவர். நான் தனியாகவாவது போவேன் என்று மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் ஷமீமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கோபத்தில் அவள் வேகமாகத் துழாவ, நான் என் போக்கில் துழாவ, படகு ஒரே இடத்தில் வட்டம் போட்டது. வழிகாட்டி கரையிலிருந்து கத்தினான். கடைசியில் அவள் துடுப்பை மடியில் வைத்துவிட்டாள். நடு வளைகுடா. எங்கும் ஒரு சத்தமில்லை.

திரும்பாமலே கேட்டாள். “அத்தா போட்டோவ என்ன பண்ணுவீங்க?”

இரண்டு நாளாக அவளை உறுத்தியது அவள் அப்பாவின் படம்தானா?

“இருக்கற எடத்துலயேதான் கண்ணு இருக்கும். அதை எடுக்கச் சொல்ற ஆளா இருந்தா நான் சம்மதிச்சிருப்பனா?”

அவள் தோள் குலுங்கியது. கை எட்டவில்லை. எழுந்தால் படகு கவிழும். துடுப்பின் பிடியால் அவள் முதுகை மெல்லத் தொட்டேன். அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

கப்பலுக்குக் காத்திருக்கும்போது பசீருக்குப் போன் செய்தேன். ஷமீமா பக்கத்திலேயே இருந்தாள். சம்மதம் என்றேன். யூனிட்டை மூட மாட்டேன், என் வீட்டை விட்டும் வர மாட்டேன், நீங்கள்தான் வர வேண்டும் என்றேன்.

“ஆம்பளை பொண்டாட்டி ஊட்ல போய் இருக்கறான்னு பேசுவாங்களேங்க” என்றார்.

“பேசுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை.”

ஷமீமா என்னை வேறு யாரோ போலப் பார்த்தாள். இறங்கி வரலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மைதான். இறங்கவில்லை.

மார்ச் 12, புதன்

நோன்பு நடக்கிறது. அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. லேபிள் மட்டும் அவர் கடையிலிருந்து வேறு ஆள் கையில் வருகிறது. அவர் வராவிட்டாலும் என் பதில் அதேதான். ஆனால் வர வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

பெருநாள் முடிந்து இன்று அவரே வந்தார். யூனிட்டுக்கு இல்லை, வீட்டுக்கு. ஷமீமாவும் வந்திருந்தாள். தேநீர் குடித்துவிட்டு, கூடத்தை ஒரு சுற்று பார்த்தார். சுவரிலிருந்த படத்தின் முன்னால் சற்று நின்றார். பிறகு கேட்டார், “எனக்கு ஒரு அலமாரி வெக்க எடம் இருக்குங்களா?”

நான் வாய் திறப்பதற்குள், “என் ரூம்ல வெச்சுக்கலாங்க” என்றாள் ஷமீமா.

ஏப்ரல் 13, ஞாயிறு

பள்ளிவாசலில் நிக்காஹ். துபாயிலிருந்து வீடியோவில் ஃபைஸ். பிரியாணி கொஞ்சமும் மிஞ்சவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் யூனிட்டுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று உறைத்தது. பதறி ஸ்கூட்டரைத் திருப்பினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவர் பத்து மணிக்கு மேல்தான் கடைக்குக் கிளம்புவார். வீட்டில் ஆள் இருக்கிறது.

வண்டியை மறுபடி யூனிட் பக்கம் திருப்பினேன்.