இருவருக்கும் பொதுவான அளவு

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நானும் வீட்டில் அவளும் சௌக்கியம். கண்ணாடிக் கடையும் ஏதோ ஓடுகிறது. நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். நான் கேட்கப் போவதில்லை. நேற்று நம் மகள் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், எலும்பும் கூடிவிட்டதாம், இனி எழுந்து நிற்க வேண்டியது ஒன்றுதான் பாக்கியாம். நீதான் நாற்காலியை விட மாட்டேன் என்கிறாயாம். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணைக் கண்டதும் கண்ணை மூடித் தூங்குவதுபோல நடிக்கிறாயாம். இந்த வித்தை பள்ளிக்கூட நாளிலேயே உனக்குப் பலித்ததில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால் அப்புறம் நினைத்தாலும் நிற்க முடியாது என்று டாக்டர் நம் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். "நீங்க சொன்னா கேப்பாரு சித்தப்பா" என்று அழுதாள். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்? அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு செய்தி. நம்முடைய கோல்ஃப் மட்டைகளைக் கைவிட்டுவிட்டேன். என் அளவுக்குப் புதிதாக ஒரு செட் செய்துகொண்டேன். உடனே முறைக்காதே, முழுவதும் படி.

என் முழங்கை வலிதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை விளையாடிவிட்டு வந்தால், மறுநாள் கடையில் கண்ணாடி ஃப்ரேமின் திருகைக்கூட முடுக்க முடிவதில்லை. "ஒண்ணு அந்த மட்டைய மாத்துங்க, இல்லேன்னா என்கிட்ட தைலம் தேய்க்கச் சொல்லாதீங்க" என்று வீட்டில் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு எதிரே இருக்கும் கடைக்குப் போனேன். நாம் வாங்கிய அதே கடைதான். இப்போது அளவெடுப்பது ஒரு அம்மாள். கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஷூவோடு நேராக நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரை வரை நாடா பிடித்தாள். உள்ளங்கையை விரித்து விரல்களை அளந்தாள். மட்டையின் அடியில் ஒரு டேப்பை ஒட்டி, கெட்டியான பலகைமேல் வைத்த பந்தை அடிக்கச் சொன்னாள். பிறகு டேப்பைக் காட்டினாள். என் கால் பக்கத்து ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. "மட்டை உங்களுக்கு நீளம் சார். நுனி தூக்கிக்கிட்டு நிக்குது. பந்து எப்பவும் இடது பக்கமாத்தானே போகும்?" என்றாள். பக்கத்திலிருந்து பார்த்தவள்போலச் சொன்னாள். பிடியும் என் கைக்குப் பருமனாம். இறுக்கிப் பிடித்துப் பிடித்தே முழங்கை கெட்டுப்போனதாம். இந்த அளவை யார் கொடுத்தது என்று கேட்டாள்.

நம் வண்டவாளத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? இரண்டு செட் வாங்கக் கட்டுப்படியாகாத காலம். நீ நெட்டை, நான் குட்டை. உன் அளவிலேயே செய்யட்டும் என்று நான் சொல்ல, இல்லை உன் அளவிலேயே இருக்கட்டும் என்று நீ சொல்ல, கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் சர்வேயர் ஐயாவாகிய நீதான் பென்சிலை எடுத்து, இரண்டு அளவையும் கூட்டி இரண்டால் வகுத்தாய். பெரிய தியாகம் செய்துவிட்டதாக நம் இரண்டு பேருக்கும் நினைப்பு.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எனக்கு என்ன தொழில் என்று விசாரித்தாள். சொன்னேன். "உங்க கடைக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்தா, ரெண்டு பேரு பவரையும் கூட்டி வகுத்து ஒரே கண்ணாடியாக் குடுப்பீங்களா?" என்றாள். அடுத்தவர் கண்ணாடியைப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். அங்கேயே புது செட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

புது மட்டையோடு போன ஞாயிற்றுக்கிழமை தனியாக இறங்கினேன். முதல் அடியே நேராகப் போய்ப் புல்வெளியின் நடுவில் விழுந்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அடுத்ததும் நடுவில்தான். முழங்கை சத்தமே போடவில்லை. வாய் கொள்ளாத சிரிப்போடு உன்னிடம் காட்டத் திரும்பினேன். நீ இல்லை.

மிச்ச தூரத்தை நடுப்புல்லில் நடந்தேன். இத்தனை வருஷமாக ஆடிய மைதானத்தில் அந்த வழியாக நான் நடந்ததே இல்லை. முதல் அடி அடித்த உடனே என் பந்து இடது வேலியைப் பார்த்துப் போகும், உன் பந்து வலது பக்கத்து மரங்களுக்குள் நுழையும். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போய், குழிக்குப் பக்கத்தில்தான் சந்திப்போம். மைதானமே நம்மைப் பார்த்துச் சிரிக்கும். உனக்கு அந்த மட்டை குட்டை, அதனால்தான் வலது பக்கம் போயிருக்கும், குனிந்து குனிந்து முதுகும் வலித்திருக்குமே என்று அந்த அம்மாள் அன்று கடையில் கேட்டாள். ஆமாம் என்றேன். நீ ஒருநாளும் வலி என்று சொன்னதில்லை.

எனக்கு அண்ணி ஞாபகம் வந்துவிட்டது. அவர்களுக்கு நோய் முற்றிவிட்டது என்று தெரிந்தும் நீ யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தாயே, அப்போதும் நாம் வாராவாரம் விளையாடிக்கொண்டுதான் இருந்தோம். அதைச் சுமந்துகொண்டு நீ தனியாக அந்த மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தாய். நான் வேலியோரம் பந்தைத் தேடி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை மனிதன் பக்கத்தில் நடக்கும்போது சொல்லிவிடுவான். ஆளுக்கொரு சரியான மட்டை இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் நடுவில், தோளோடு தோளாக நடந்திருப்போம். நீ கல்லுளிமங்கன், அப்போதும் சொல்லியிருக்க மாட்டாய். இருந்தாலும் நான் கூட நடந்திருப்பேனே அண்ணா. அதை நினைத்தால் நெஞ்சு ஆறவில்லை.

பழைய மட்டைகளைக் கடையிலேயே விட்டு வந்திருக்கிறேன். தண்டை நீட்டி, தலையின் சாய்வை மாற்றி உனக்குப் பொருத்தித் தர முடியுமாம். இன்று காலை போய் உன் ஆபரேஷனைச் சொல்லி, உன் பழைய அளவையும் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ள மறுத்துவிட்டாள். "அது அப்ப இருந்தவரோட அளவு. ஆபரேஷனுக்கு அப்புறம் காலு, முதுகு எல்லாம் மாறியிருக்கும், புதுசா எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்றாள். உட்கார்ந்தபடியே எடுக்கலாமா என்றுகூட உனக்காகக் கேட்டுப் பார்த்தேன். "மணிக்கட்டுலேர்ந்து தரை வரைக்கும் சார், நாற்காலி வரைக்கும் இல்ல" என்று விரட்டிவிட்டாள்.

அதனால் நீ ஷூவைப் போட்டுக்கொள். ஒரு கையால் அந்தப் பயிற்சிப் பெண்ணைப் பிடித்துக்கொள், மற்றக் கையைத் தொங்கவிடு. நம் மகள் அளக்கட்டும். விளையாட வா என்று கூப்பிடவில்லை, நடக்கக்கூடச் சொல்லவில்லை. அவள் நாடாவைப் படிக்கிற நேரம் நின்றால் போதும். ஒரு தடவை எடுத்த அளவை நம்புகிற ஆள் இல்லை நீ. சந்தேகமாக இருந்தால் மறுநாளும் நின்று சரிபார்த்துக்கொள். அதற்கு மறுநாளும்.

இனி நின்று என்ன ஆகப் போகிறது என்று போனில் என்னிடம் கேட்டாய். அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கூடப் பிறந்தவன் என்று எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான் என்பது மட்டும் தெரியும். மூத்தவனுக்குத் தம்பி ஆசி சொல்ல முடியாது, கெஞ்சத்தான் முடியும். கெஞ்சிக் கேட்கிறேன், எழுந்து நில் அண்ணா. அளவு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

தபாலை எதிர்பார்த்திருக்கும்
உன் தம்பி