வடை வேண்டாத எலிகள்

பங்குனி 4, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். ஷேர் ஆட்டோ. பத்து நிமிடம் லேட்.

ஸ்டோரில் மறுபடி வயர் கடி. அதனால் உற்பத்தி லைன் ஒரு மணி நேரம் நின்றதாம். எலிக்கூண்டு வைக்கும் கான்ட்ராக்ட் வேலை என்னுடையது, திட்டும் எனக்கே. வெள்ளிக்குள் சுவர் நெடுக விஷக்கட்டி வைக்க வேண்டுமாம், சூப்பர்வைசர் குமரேசன் சார் உத்தரவு. இல்லையென்றால் வேறு ஆள்.

சுவருக்கு அந்தப் பக்கம் காலிப் புல்வெளி, அதை ஒட்டி அமுலு அக்கா தோட்டம். விஷம் தின்ற எலி அங்கேதான் போய் விழும். அக்காவின் நாய் தின்னும். சொன்னேன். காதில் வாங்கவில்லை.

பங்குனி 5, புதன்

என் பழைய நோட்டைப் புரட்டினேன்.

மார்கழி: நெல் பால் பிடிக்கும் நேரம். எலியெல்லாம் வயலில். கூண்டு காலி.
தை: அறுப்பு. வளைக்குள் கதிர் சேர்ப்பு. காலி.
மாசி: புல்விதை, கோரைக்கிழங்கு. ஒன்றிரண்டு விழுந்தன.

இப்போது புல்லெல்லாம் சருகு. பசியில்தான் உள்ளே வருகிறது என்றால் வடையைத் தொட வேண்டுமே? ஆறு கூண்டிலும் அப்படியே காய்ந்து கிடக்கிறது.

தாகமோ? மூன்று கூண்டில் தக்காளி வைத்துவிட்டு வந்தேன்.

தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

பங்குனி 6, வியாழன்

தக்காளி வைத்த மூன்றிலும் எலி! வடைக் கூண்டு காலி.

ஒன்று பால் கொடுக்கும் தாய். வளையில் எத்தனை குட்டியோ. மூன்றையும் புல்வெளியில் திறந்துவிட்டேன். ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

ஸ்டோர் மூலையில் ஏசி தண்ணீர் சொட்டும் இடம். சுற்றிலும் எலிப்புழுக்கை, பக்கத்திலேயே வயர். குமரேசன் சாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணிக்கா வருது?"

ஏசிக் குழாயை வெளியே புல்வெளிப் பக்கம் திருப்பி, சுவர் ஓட்டையை அடைத்தால் போதும் என்றேன். திங்கள் வரை டைம் கேட்டேன். "அப்பவும் கடிச்சா நானே நின்னுக்கிறேன் சார்." எப்படித்தான் சொன்னேனோ.

சரி என்றார்.

பங்குனி 10, திங்கள்

குழாயைத் திருப்பி ஓட்டையை அடைத்த பிறகு கடி இல்லை. விஷக்கட்டிப் பெட்டி திரும்பப் போய்விட்டது. சார் பாராட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

சாயந்திரம் நேராக அமுலு அக்காவிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். அப்புறம் மெதுவாக, "நேத்து வெள்ளரிப் பிஞ்செல்லாம் கடிச்சி வெச்சிகீது சுமதி" என்றாள்.

நேற்று ஞாயிறு. கம்பெனி லீவு, ஏசி ஓடவில்லை, வெளிக் குழாயிலும் சொட்டு இல்லை. அதை நான் யோசிக்கவே இல்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

"நீ இன்னா பண்ணுவ. அதுக்கும் தொண்டை காயுது இல்ல."

ஞாயிறுதோறும் நானே வந்து புல்லோரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றேன்.

"ஒரு நாள்தான் உனக்கு லீவு. நான் ஊத்திக்கிறேன், நீ தூங்கு."