மாடு டோபின் மேசையில்

மார்ச் 2, திங்கள்
பீங்கான் மாடு இன்றும் டோபின் மேசைக்குத்தான் போனது. அந்த வாரம் எடுத்த படங்களில் எது சிறந்ததோ, அதை எடுத்தவர் மேசையில் மாடு அடுத்த திங்கள் வரை நிற்கும். எங்கள் ஆய்வகத்து வழக்கம். மூக்கு உடைந்த, அசிங்கமான மாடு. டோபின் வருவதற்கு முன் என் மேசையிலேயே தூசு பிடித்துக் கிடந்தது. அப்போது அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இருவருக்கும் ஒரே வேலை. நோயாளியிடமிருந்து எடுத்த மூளைக் கட்டியின் செல்களை ஜெல்லில் கலந்து, பிரிண்டரில் அடுக்கடுக்காக அச்சிட்டு, மூளையின் ஒரு துணுக்கைப் போல வளர்க்கிறோம். அதில் மருந்தை விட்டுப் பார்க்கிறோம். அவன் அச்சிடுவது செதுக்கி வைத்ததுபோல் நிற்கிறது. என்னுடையது மறுநாளே பாலில் ஊறிய ரொட்டி.

இரண்டில் ஒன்றை லொரெய்ன் அடுத்த மாதம் தேர்ந்தெடுப்பார். தலைவி அவர்தான். இனி எல்லா மருந்தும் அதில்தான். மற்றது குப்பைக்கு. என்னுடையது நாலு வருட உழைப்பு. அவன் வந்து இரண்டு குளிர்காலம்கூட ஆகவில்லை.

மார்ச் 4
வயிறு எரிகிறது. வேறென்ன எழுத.

மார்ச் 6, வெள்ளி
எல்லோரும் மீன் வறுவல் சாப்பிடப் போனோம். மில்வாக்கி ஊர்க்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை வேறெதுவும் இறங்காது. லொரெய்ன் அவனிடம், "உன் கைல என்னப்பா இருக்கு? கட்டடம் மாதிரி நிக்குதே!" என்றார். அவன் வெட்கப்பட்டான். அந்த வெட்கம்தான் தாங்கவில்லை. திமிர் பிடித்தவனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருப்பேன்.

பிறகு என்னிடம், "பெர்னி, உன் ஜெல்லையும் கொஞ்சம் கெட்டியாக்கிப் பாரேன்."

மூளை கெட்டியாகவா இருக்கிறது? கேட்க வாயெடுத்தேன். பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். உண்மைதானே. மீனை மென்றேன்.

மார்ச் 9, திங்கள்
மாடு அங்கேயே. அவனுடைய துணுக்கில் புது மருந்து கட்டியைச் சுருட்டிவிட்டதாம். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என்னுடையதில் அதே மருந்து ஒன்றும் கிழிக்கவில்லை. "தொய்ஞ்சு கெடக்கறதுல மருந்து எப்படி வேலை செய்யும்?" என்றார் லொரெய்ன்.

மார்ச் 11
அவன் சாப்பிடப் போனதும் அவனுடைய துணுக்கு வளரும் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான்.

செல்கள் நடுவில் உருண்டையாக, அடக்க ஒடுக்கமாக — ஒன்றுகூட நகரவில்லை. என்னுடையதிலோ உள்ளே அச்சிட்ட ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு ஓரம்வரை ஊர்ந்து போயிருக்கின்றன. நிஜக் கட்டி அதைத்தானே செய்கிறது? வெட்டியெடுத்த பிறகும் வேறோர் இடத்தில் முளைக்கிறதே, எப்படி? அவன் ஜெல் அவ்வளவு கெட்டி. செல்களுக்கு நகர வழியில்லை. அடைபட்டுக் கிடப்பதை மருந்து கொல்கிறது. படம் அழகாக இருந்ததால் ஒருவரும் கேட்கவில்லை.

சந்தோஷத்தில் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அசிங்கமான சந்தோஷம். இருக்கட்டும்.

மார்ச் 16, திங்கள்
எல்லோர் முன்னாலும் இரண்டு படங்களையும் போட்டேன். அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

டோபினுக்குக் காது சிவந்தது. சண்டைக்கு வருவான் என்று பதில்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான்.

"அட ஆமா. பெர்னி சொல்றதுதான் சரி. நான் கல்லுக்குள்ள வளத்திருக்கேன்."

"பெர்னியோடது ரெண்டாம் நாளே சரியுதே. அத வச்சு என்ன பண்றது?" என்றார் லொரெய்ன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "உன் ஜெல்லு எனக்குக் கொஞ்சம் தர்றியா?"

சே! இவனுக்குத் தோற்கக்கூடத் தெரியாதா?

மார்ச் 19
கொடுத்தேன். வேறு வழி?

அவன் அதை வெறும் தட்டில் அச்சிடவில்லை. கிண்ணம் நிறையக் குழகுழவென்று ஜெலட்டின் கஞ்சி, அதற்குள் ஊசியை விட்டு அச்சிட்டான். கஞ்சி சுற்றிலும் தாங்கிப் பிடித்தது. என் ஜெல் இறுகியதும் வெதுவெதுப்பில் வைத்தான், கஞ்சி உருகி ஓடிவிட்டது. நின்றது. என் தொய்ந்த ஜெல் நின்றது!

நாலு வருடத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை? கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 31
என் ஜெல்லில் அச்சிட்ட துணுக்கில் அதே மருந்தை விட்டுப் பார்த்த டோபின், லொரெய்னைக் கூப்பிடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டான். "நீ ஒரு தடவ பாரு. என் கண்ண நான் நம்பல."

பார்த்தேன். மருந்து நடுவிலிருந்த உருண்டையைச் சுருக்கியிருக்கிறது. ஊர்ந்து போனவற்றைத் தொடவே இல்லை. மருந்து தேறாது.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. இதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்? பார்த்தாயிற்று. இனிக்கவில்லை.

"நோயாளிங்க கிட்ட போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே," என்றேன். அவன் தலையாட்டினான்.

ஏப்ரல் 6, திங்கள்
முடிவாகிவிட்டது. என் ஜெல், அவன் கஞ்சி. இனி எல்லா மருந்தும் இதில்தான். என் உழைப்பு குப்பைக்குப் போகவில்லை. ஆனால் படம் எடுத்தது அவன். மாடு அவன் மேசைக்கே போனது. எரிகிறது, பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 14
டோபினுக்குக் காய்ச்சல், வரவில்லை. நானே அச்சிட்டேன். எல்லாம் கோணல். மாட்டைத் தூக்கி என் மேசையில் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் இருந்தது. திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு அவனுக்கு போன் போட்டேன்.

"எப்படா வருவ?"