வீடு மீளும் வரைக்கும்

7 பெப்ரவரி 2024, புதன்

இன்று மீன் வாங்கவில்லை. மீன்காரர் கச்சி முகம்மது காக்கா கேற்றடியில் சைக்கிளை நிறுத்தி மணியை அடித்துக்கொண்டே நின்றார். ஜன்னலால் கையை ஆட்டினேன். "என்ன புள்ள, ஊட்டுல ஆக்களுக்குச் சுகமில்லயா?" என்று கேட்டார். மீன் வாங்காவிட்டால் காத்தான்குடியில் வருத்தம் என்றுதான் அர்த்தம்.

வருத்தமில்லை, கடன். நேற்று நானும் இவரும் வங்கிக்குப் போய் வந்தோம். மூத்தவள் சஹ்லாவைத் தன் மகன் மின்ஹாஜுக்குப் பேசிவிட்டுப் போயிருக்கிறார் ஷாகிரா. நல்ல இடம். ஆனால் வீடு எழுதாமல் இந்த ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது. என் உம்மா எனக்கு எழுதித் தந்த வீட்டை நான் சஹ்லாவுக்கு எழுத வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் சின்னவள் நுஸ்ராவைக் கூட்டிக்கொண்டு மேலே ஏற வேண்டும். அந்த மேல்மாடியைக் கட்டத்தான் ஐந்து வருடத்துக்கு முன் வீட்டை வங்கிக்கு ஈடு வைத்தோம். மாடி பாதியில் நிற்கிறது, கடன் முழுசாக நிற்கிறது. ஈட்டில் கிடக்கும் வீட்டை மகள் பேருக்கு எழுத வழியில்லை.

"வீட்டு உறுதி புள்ளட பேருக்கு வந்தாத் தேதி வைப்பம் ராத்தா. அவசரம் ஒண்டுமில்ல" என்றார் ஷாகிரா. அவசரமில்லை என்று தானாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்.

வங்கியில் ஆர்த்திகா என்ற பிள்ளைதான் எங்கள் கணக்கைப் பார்க்கிறாள். "தவணைக்கு மேலால கட்டினீங்களெண்டா முதல் குறையும் அன்ரி. ஆறு வருசத்துக் கடன ரெண்டு வருசத்திலயும் முடிக்கலாம்" என்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது இவர் சொன்னார்: "வட்டிக்குள்ள நிண்டு என்ட புள்ளட நிக்காஹ் நடக்கப்படாது. என்னத்த வெட்டுற எண்டாலும் வெட்டு."

வெட்டுவதில் எனக்குப் பயிற்சி போதும். இவர் கட்டாரில் இருந்த காலத்தில் காசு வராத மாதங்களை ஓட்டியவள் நான்.

8 பெப்ரவரி

பால்மா நிறுத்தம். இனிப் பிளேன்டீ.

19 பெப்ரவரி, திங்கள்

காஸ் சிலிண்டரைச் சாக்கால் மூடி மூலையில் வைத்துவிட்டேன். பின்வளவில் மூன்று கல்லை வைத்து விறகும் பொச்சுமட்டையும் எரிக்கிறேன். முதல் நாள் கண்ணீர் வடித்துச் சமைத்த சோறு அடிப்பிடித்தது. யாரும் குறை சொல்லவில்லை, நுஸ்ராவைத் தவிர.

"உம்மா, என்ட ஸ்கூல் உடுப்பெல்லாம் புகை மணக்குது. புள்ளையள் மூக்கப் பொத்துதுகள்."

"மாடி உனக்குத்தானே மனே வரப்போகுது" என்றேன்.

"மாடிக்குக் கூரையே இல்லயே."

பதினைந்து வயது வாய். அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. அவள் சொன்னது உண்மை. மேலே போனால் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன, உடுப்புக் காயப்போடத்தான் உதவுகிறது.

2 மார்ச், சனி

மோட்டார் சைக்கிளை விற்றோம். யோசனை என்னுடையது. வேலை செய்யும் துணிக்கடை மெயின் வீதியில்தானே, சைக்கிளில் போகலாமே என்றேன். "போகலாம்தான்" என்றார். மச்சான்மாரிடம் போய் ஒரு பழைய சைக்கிள் வாங்கி வந்து, ஒழுங்கைக்குள் ஒரு சுற்று ஓடிக் காட்டினார். ஐம்பத்து நாலு வயது மனுசன், மணியை அடித்து அடித்து. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விற்ற காசு முழுவதும் வங்கிக்குப் போய்விட்டது. ஆர்த்திகா காட்டிய கணக்கில் முதல் குறைந்திருந்தது. குறைந்த தொகையைப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது, சொன்னால் வெட்கம்.

14 மார்ச், வியாழன் – நோன்பு

காப்புறுதிக்காரனின் கடிதம் வந்திருக்கிறது. கடனோடு சேர்த்து அன்றைக்கு இவர் பேரில் போட்டது. வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு தவணைக்காசு அளவு கட்ட வேண்டும். கடன் முடியுமுன் இவர் மௌத்தானால் மீதியை அவர்கள் கட்டுவார்கள். ஆள் உயிரோடிருந்தால் கட்டிய காசு போனது போனதுதான்.

அந்தக் கடிதத்தை எனக்கு எப்போதும் பிடிப்பதில்லை. உயிரோடு இருக்கிற மனுசன் பேரில் வருகிற மௌத்துக் கடிதம். அது மார்க்கத்துக்குச் சரியா என்றும் இவருக்கு ஒரு மனக்குறை உண்டு. வங்கிக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். "கட்டாயமில்ல அன்ரி. விருப்பமெண்டாக் கட்டலாம்" என்றாள் ஆர்த்திகா.

நோன்பு திறந்த பிறகு இவரிடம் காட்டினேன். கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நான் செத்தாத்தான் லாபம். நீ லாபம் பாக்கப் போறியா?"

"வாய மூடுங்க. நோன்பு நாளில பேசுற பேச்சா?"

"அப்ப இந்த வருசம் அத விடு. அந்தக் காச முதலுக்குக் கட்டு."

நான் நினைத்ததும் அதைத்தான். அவர் வாயால் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். இதுவரை வெட்டியதில் ஒருவருக்கும் வலிக்காத வெட்டு இதுதான்.

10 ஏப்ரல், பெருநாள்

துணிக்கடையில் வேலை செய்கிறவரின் பிள்ளைகளுக்குப் புது உடுப்பில்லை. சஹ்லா போன வருட அபாயாவைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். நுஸ்ரா அறையை விட்டு வரவில்லை. தொழுதுவிட்டு வந்து இவர்தான் கதவில் தட்டித் தட்டி, கையில் நூறு ரூபாத் தாளைத் திணித்து, வெளியே கூட்டி வந்தார். இரண்டு பேருமாக ஆற்றங்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்ததை நுஸ்ராவின் சட்டைக் கறை காட்டிக் கொடுத்தது. நான் கேட்கவில்லை.

30 மே, வியாழன்

கடன் பத்து லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

இந்தச் சந்தோசத்துக்கு இவர் அரைக் கிலோ ஆற்று இறால் வாங்கி வந்துவிட்டார். பையைத் திறந்ததும் எனக்குத் தலைக்கேறியது. "நான் உப்புக்கும் புளிக்கும் கணக்குப் பாக்கிறன், நீங்க இறாலோட வாறீங்க" என்று கத்தினேன். பிள்ளைகளுக்கு முன்னால். "ஒரு நாளைக்குத்தானே" என்றார்.

தேங்காய்ப்பாலில் ஆக்கினேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். தன் பங்கில் பாதியை நுஸ்ராவின் கோப்பைக்குத் தள்ளிவிட்டார். கத்தாமல் இருந்திருக்கலாம்.

17 ஜூன்

ஹஜ்ஜுப் பெருநாள். குர்பான் இறைச்சி மூன்று வீட்டிலிருந்து வந்தது. உப்புப் போட்டுக் காயவைத்தேன். இரண்டு கிழமைக்குக் கறி.

22 ஜூலை, திங்கள்

இவர் இப்போது ஒழுங்கை முனையில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார். ஏன் என்று கேட்டால் டயரில் காற்றில்லை என்கிறார். டயரை அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது.

இரவு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "வாய்வு" என்றார். வெறும் பருப்பும் விறகுச் சோறும் தின்றால் வாய்வு வராமல் என்ன வரும். இஞ்சி தட்டித் தேத்தண்ணி கொடுத்தேன். "நாளைக்கு டொக்டர் ஒராளுக்குக் காட்டுவமா?" என்று கேட்டேன். "பெரியாஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போகும். பிரைவேட்டுக்குப் போனா ரெண்டு நாள்ட போகும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவர் சொன்ன கணக்கை நானும் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன்.

30 ஜூலை

வாய்வு பரவாயில்லையாம். இந்த மாதம் மேலதிகமாக ஒரு முழுத் தவணை கட்டினோம்.

9 ஓகஸ்ட், வெள்ளி

ஜும்ஆவுக்குப் போகக் குளிக்கப் போனவர். கிணற்றடியில். இன்னாலில்லாஹி.

14 ஓகஸ்ட், புதன்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மையித்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் சட்டி சட்டியாகக் கொண்டுவந்தார்கள். மீன் ஆணம், மீன் பொரியல், இறால், நண்டு. ஆறு மாதமாக இந்த வீட்டுக்குள் வராத மீனெல்லாம் வந்து சேர்ந்தது. ஷாகிராவும் ஒரு சட்டி கொண்டுவந்தார், இறால், தேங்காய்ப்பாலில். தின்னுங்க ராத்தா, தின்னுங்க என்று எல்லாரும் சொல்றாங்க. எப்படித் தின்னுற? அரைக் கிலோ இறாலுக்கு அந்த மனுசனை நான் –

இத்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. வங்கிக்கு ஈடு வைத்த வீட்டுக்குள் என்னையும் ஈடு வைத்த மாதிரி.

21 ஓகஸ்ட், புதன்

இவருடைய கடை முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். சம்பள மிச்சமும் அவர் பங்குக்குக் கொஞ்சக் காசும். வந்தவரின் மனைவி உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கடனப் பத்திக் கவலப்படாதீங்க ராத்தா. ஆள் மௌத்தானா வங்கிக் கடன் கழிஞ்சிரும். காப்புறுதி இரிக்கும்தானே."

சஹ்லாவின் முகத்தைப் பார்த்தேன். அழுது வீங்கிய முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு. "ஓம் உம்மா, வாப்பாட பேருல போட்டதுதானே. நாளைக்கே போய்க் கேக்கிறன்."

சொல்லியிருக்க வேண்டும். கட்டாத வருடத்துக்கும் ஏதாவது சலுகை இருக்காதா, முந்திக் கட்டியதுக்கு ஒரு மரியாதை இருக்காதா என்றெல்லாம் நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பைத்தியக்காரி.

22 ஓகஸ்ட்

சஹ்லா போய் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"உம்மா, மார்ச்சில கட்டல்லயாம்."

"ஓம் மனே."

"கட்டியிருந்தா முழுக்கக் கழிஞ்சிருக்குமாம். வீட்டு உறுதியக் கையில தந்திருப்பாங்களாம்."

"ஓம்."

"வங்கியில அந்த அக்காவும் அழுதிட்டா உம்மா."

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் வெட்டியதிலேயே ஒருவருக்கும் வலிக்காத வெட்டு என்று எழுதி வைத்திருக்கிறேன், மேலே. என்ட கையால. அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். பின்பக்கத்தில் பெருநாளும் ஐஸ்கிரீமும் இருந்தது. கிழிக்கவில்லை.

5 செப்டெம்பர்

நான் லாபம் பார்க்கவில்லை. கேட்குதா? நீங்க கேட்டீங்களே. பார்க்கவில்லை.

18 செப்டெம்பர், புதன்

சஹ்லா மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மாதத் தவணையை அவள்தான் கட்டப் போகிறாள், தனக்கு வரவேண்டிய சீதன வீட்டுக்குத் தானே. நுஸ்ரா கேட்காமலே ட்யூஷனை விட்டுவிட்டாள். பின்வளவில் அடுப்பு மூட்டுவதும் அவள்தான். புகை மணக்குது என்று இப்போது சொல்வதில்லை. அவள் வாய் காட்டிய காலம் நல்ல காலம்.

மீன்காரர் எங்கள் கேற்றைத் தாண்டும்போது மணியைக் கையால் பொத்திக்கொண்டு போகிறார் என்று நுஸ்ரா சொன்னாள். இத்தா வீடு என்று.

11 ஒக்டோபர், வெள்ளி

ஷாகிரா வந்திருந்தார். நிறைய நேரம் இவருடைய நல்ல குணங்களைப் பேசினார். எல்லாம் உண்மைதான். எழும்பும்போது கேட்டார்: "வீட்டு விசயம் என்ன மாதிரி ராத்தா?"

"கொஞ்சக் காலம் பிடிக்கும்."

"பரவாயில்ல. அல்லாஹ் லேசாக்கித் தருவான். மின்ஹாஜுக்கும் வயசு போகுதுதானே, அதான் கேட்டன்."

குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு மகன் இருந்து, பெண் வீட்டில் வீடில்லை என்றால் நானும் இப்படித்தான் பேசியிருப்பேன். இதைவிட இனிப்பாகவும் பேசியிருப்பேன்.

27 நவம்பர்

மூன்று நாள் மழை. ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மேல்மாடித் தளத்தால் வழிந்து சுவரெல்லாம் ஊறிவிட்டது. விறகு நனைந்துவிட்டதால் சாக்கை எடுத்துவிட்டுக் காஸைப் பற்றவைத்தேன். பெப்ரவரியில் மூடியபடியே நிறைய இருந்தது. எதற்கு மிச்சம் பிடித்தேன்.

3 டிசம்பர், செவ்வாய்

மின்ஹாஜுக்கு ஏறாவூரில் பேசி முடித்துவிட்டார்களாம். புது வீடு, உறுதியோடு. சஹ்லாவுக்கு மருந்துக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னாள். பிறகு காய்ந்த உடுப்புகளை மடித்தாள், எல்லாவற்றையும் மடித்து முடித்துவிட்டு மடித்ததை அவிழ்த்துத் திரும்பவும் மடித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை. நுஸ்ராதான் போய் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

16 டிசம்பர்

இத்தா முடிந்தது. குளித்தேன். வெளியே போகலாம். எங்கே போவது?

6 ஜனவரி 2025, திங்கள்

வங்கிக்குப் போனேன், சஹ்லாவோடு. பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். கடனை என் பேருக்கு மாற்ற வேண்டும், சஹ்லா பிணை. ஆர்த்திகா எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் என் பிள்ளை வயதுதான் இருக்கும். இன்னும் ஐந்து வருடமாம். மேலதிகமாகக் கட்டுவது பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு இன்னொரு தாளை எடுத்தாள். கொடுக்கவும் தயங்கினாள்.

"காப்புறுதி, அன்ரி. உங்கட பேரில. கட்டாயமில்ல. விருப்பமெண்டா –"

"போடுங்க" என்றேன்.

சஹ்லா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் உம்மா. எனக்குப் பயமாயிருக்கு."

"எனக்கும் பயம்தான். கையை விடு மனே."

வருத்தம் ஏதும் இருக்கிறதா, மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். நெஞ்சு நோவு இருக்கிறதா என்று கேட்டபோது மட்டும் மேசையைப் பார்த்தாள். இல்லை என்றேன். முதல் வருடக் காசை அங்கேயே கட்டினேன், இவருடைய சைக்கிளை விற்ற காசும் பெட்டிக்குள் கிடந்ததும். இன்றிலிருந்து நான் மௌத்தானால் பிள்ளைகளுக்கு வீடு மீளும். உயிரோடிருந்தால் ஐந்து வருடம்.

வீட்டுக்கு வந்து சேரக் கச்சி முகம்மது காக்காவும் கேற்றடிக்கு வந்துவிட்டார். பதினோரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்காக மணியை அடித்தார். பெட்டியைத் திறந்து, "ஆத்து இறால் புள்ள, இப்ப பிடிச்சது" என்றார்.

"இண்டைக்கு வேணாம் காக்கா" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் பெட்டியை மூடினார்.