செவ்வாயில் ஆறு பேருக்கு மூன்று படுக்கை

ஜூன் 14, சனி. இரவு 11.20. வகுப்புக்கு வந்தவர்கள் 31 பேர்.

கம்பெனி சார்பில் ஒரகடம் பக்கத்துப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் விண்வெளி வகுப்பு எடுக்கிறேன். செவ்வாயில் ஆறு பேர் வாழ ஒரு வீடு வரையச் சொல்லியிருந்தேன். எடை குறைய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஒரே ஒரு படம் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும்.

ஒன்பதாம் வகுப்பு கவிதா மூன்று படுக்கைதான் வரைந்திருந்தாள்.

"ஆறு பேருக்கு மூணா? இது என்ன லாட்ஜா?" என்றேன்.

"எங்க வூட்டு மாடில ஆறு அண்ணனுங்க வாடகைக்கு கீறாங்க சார். மூணு பேரு ஷிப்ட் போனா மூணு பேரு தூங்குவாங்க. நீங்கதான வெயிட்டக் கொறைக்கச் சொன்னீங்க?"

எங்கள் அறையிலும் நான்கு பேருக்கு இரண்டு மெத்தைதான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

பக்கத்து பெஞ்சு தினேஷ் அவளை விடவில்லை. "ஒருத்தனுக்கு ஜொரம் வந்தா இன்னா பண்ணுவ? வெளிய தொரத்துவியா? அங்க காத்தே கெடையாது!"

எல்லோரும் சிரித்தார்கள். கவிதா சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுங்க சார்" என்றாள். அதற்குள் பெல் அடித்துவிட்டது.

புதன்கிழமை படத்தை அனுப்ப வேண்டும். இதற்குப் பதில் இல்லாமல் போனால் நடுவர்கள் அவளை முதல் கேள்வியிலேயே கழித்துவிடுவார்கள். நான்காவது படுக்கை போட்டால் எடை ஏறும். அங்கே ஈர்ப்பு குறைவு, துணித் தொட்டில் போதுமா? காய்ச்சல்காரனை எப்படித் தனியாக வைப்பது? தெரியவில்லை.

1. நாளை டீச்சருக்குப் போன் செய்து கவிதா படத்தை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.
2. துணித் தொட்டிலின் எடையைக் கணக்குப் போட வேண்டும்.
3. என்னோடு ஒரே மெத்தையை ஷிப்ட் மாற்றிப் பகிரும் இசக்கி நைட் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் கேட்க வேண்டும்: போன மாதம் காய்ச்சலில் எங்கே படுத்தான்? மெத்தையில் நான்தான் இருந்தேன்.