மாறுதல் பக்கம்

ஏப்ரல் 28
எங்கள் சுகாதாரத் துறை மென்பொருளைப் பராமரித்து முடித்துவிட்டார்களாம். பச்சையாக இருந்த பட்டன்கள் நீலமாகிவிட்டன. இதற்கு மூன்று நாள் நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மே 3
இடமாறுதல் விண்ணப்பம் இன்று தொடக்கம். வருடத்தில் பத்தே நாள். தங்கை எங்கோ மலையடிவார அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ்; அவள் மகள் என்னிடம் வளர்கிறாள். இந்த முறை இங்கேயே காலியிடம் இருக்கிறது. காலையிலேயே போன்: "அக்கா, மாறுதல் பக்கத்தையே காணோமே."
மாறுதல் பிரிவு கிளார்க் நான். எனக்கும் காணோம்!

மே 5
பராமரிப்புக்காரர் வந்தார். கழுத்தில் அட்டை, முகத்தில் சலிப்பு. "பத்து மாசத்துக்கு மேல அந்தப் பக்கத்தை ஒருத்தரும் திறக்கலை மேடம். பயன்படாததை எல்லாம் தூக்கிட்டோம். இப்ப எவ்வளவு வேகம் பாருங்க."
வருடத்துக்கு ஒருமுறைதான் அதற்கு வேலை என்றேன்.
"யாரும் சொல்லலையே."
யார் கேட்டார்கள்? வெயில் காலத்தில் குடையைத் தூக்கிப் போடுகிற புத்தி.

மே 9
தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்று அதிகாரியிடம் கேட்டேன். "எல்லாம் கணினிமயம்மா. தாளை வாங்கினா என் தலை உருளும்." கணினியிலும் இல்லையே சார்? "அப்ப பொறுத்திருங்க."
அவர் தலை அவருக்கு. தங்கை?

மே 12
கடைசி நாள். பக்கம் வரவில்லை.

மே 13
வந்துவிட்டது, நீலப் பட்டனோடு. அழுத்தினால் 'காலக்கெடு முடிந்தது.' தேதியை மட்டும் ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். கடைசி நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டோம். ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை, எனவே தேவை எழவில்லை என்று பதில். கதவையே காணோம்னா எப்படி உள்ள வருவாங்க?
தங்கை அழவில்லை. "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 2
குழந்தை என்னை "அம்மா" என்றாள். பெரியம்மா என்று திருத்தினேன். மறுபடியும் அம்மா. தங்கையிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21
வந்ததும் மாறுதல் பக்கத்தைத் திறந்தேன், மூடினேன். பிரிவில் எல்லோருக்கும் தினமும் அதுதான் முதல் வேலை, டீ அப்புறம்தான். ஒருத்தரும் திறக்கலைன்னு இனி எவனும் சொல்லக்கூடாது.
மென்பொருளிலேயே அதிகம் பயன்படும் பக்கம் இப்போது அதுதானாம். பராமரிப்புக்காரருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.
மதியம் தங்கை போன். "இன்னைக்குத் திறந்தியாக்கா?"
"திறந்தேன்டி."
பிறகு மகளிடம் கொடுக்கச் சொன்னாள். நான் அலுவலகத்தில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டாள்.