கூட்டேரிப்பட்டில் நின்ற வண்டி

உங்கள் ஸ்பேனர் டப்பாவை இன்று திறந்தேன். மூடியைத் தூக்கியதும் பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. மண்டியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவீர்களே, அப்போது வருமே அதே வாசனை. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. புத்திக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரியவில்லை.

உங்கள் மோட்டார் வைத்த சைக்கிளை விலைக்குக் கேட்டு ஒலக்கூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறாராம். எவ்வளவு மிதித்தும் வண்டி கிளம்பவில்லை. "பிளக்கு கழட்டுற ஸ்பேனர் இருக்குதாம்மா?" என்று கேட்டார். அதற்காகத்தான் டப்பாவைத் திறந்தேன். ஸ்பேனருக்கு அடியில், மண்டிச் சீட்டில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று இருந்தது.

அதற்குள் இருந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் நாம் குடிவந்த இரண்டாம் வருஷம். மண்டிக்காக ஊர் ஊராகப் போய் மல்லாட்டைக் கடலை பார்த்துவர, உங்கள் சைக்கிளில் மோட்டார் பூட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். திருவக்கரை அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த கயிறு ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் மஞ்சள் தண்ணீரில் தோய்த்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

"வண்டிக்கு எங்க புள்ள கட்டுவ? அதுக்குக் கழுத்து எது?" என்று சிரித்தீர்கள்.

நான் விடுவேனா? எஞ்சின் தலையிலிருந்து கறுப்பாக ஒரு வயர் வந்ததே, அதையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்துப் பிடித்து, இதுதான் கழுத்து என்று மூன்று முடிச்சு போட்டேன். சரி, உன் ஆசை என்று விட்டுவிட்டீர்கள்.

மறுநாள் காலை விழுப்புரத்திலிருந்து என் தம்பி லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினான். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உன்னைத்தான் கேட்கிறாள் என்று. ஆடிக்குப் போனபோது அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி வந்தவள் நான். ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. சேதி சொன்ன லாரி நிற்கவில்லை. பஸ்ஸும் போய்விட்டிருந்தது, அடுத்தது மத்தியானம்தான். "கேரியர்ல குந்து புள்ள, நான் கொண்டு போய் உடறேன்" என்றீர்கள். கோணிச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மயிலம் மலை தெரிகிறவரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் தூறல் பிடித்தது. இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே போய்ப் புளியமரத்தடியில் ஸ்டாண்டு போட்டீர்கள்.

பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தீர்கள். "பெட்ரோல் வருது. நெருப்புதான் வரல." துடைத்து மாட்டினீர்கள். வரவில்லை. பையிலிருந்த வேறு பிளக்கைப் போட்டீர்கள். அதற்கும் வரவில்லை. மூடியைத் திறந்து, பாயிண்டு என்று ஏதோ சொல்லி, தீப்பெட்டி அட்டையைக் கிழித்து உள்ளே விட்டுத் தேய்த்தீர்கள். நான் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அம்மா, அம்மா என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது.

"இன்னாங்க, ஆவுமா ஆவாதா? சொல்லுங்க!"

"ஆவும் புள்ள. செத்த பொறு."

"பொறுக்கறதுக்கு அங்க அம்மா இருப்பாங்களா?"

கோணிச் சாக்கை எடுத்து எஞ்சின் மேல் போட்டு, அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டீர்கள். இருட்டில் பார்த்தால்தான் பொறி எங்கே ஓடுகிறதென்று தெரியும் என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் பெடல் சுற்றுகிற ஆளை அப்படியே விட்டுவிட்டு, கூட்டு ரோட்டுக்கு நடந்தேன். வந்த லாரிக்கெல்லாம் கையைக் காட்டினேன். அழுதுகொண்டே காட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னால் படபடவென்று சத்தம். நீங்கள்தான். வயரில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றியிருந்தீர்கள். "இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். "வயரு பேஜாரு பண்ணிக்கினு இருந்துச்சு. ஜல்தியா ஏறு." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னத்தான் கேட்டுக்கினு இருந்தாங்க. அரை மணி முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?"

அம்மாவின் கையில் இன்னும் சூடு ஆறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் உங்களைப் பார்த்துக் கத்தினேன். "உங்க ஓட்ட வண்டிதான் எங்கம்மாவ உசுரோட எனக்குக் காட்டாம பண்ணிடுச்சி." வாசற்படியில் கையெல்லாம் கிரீஸோடு நின்றீர்கள். சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தீர்கள். இன்றுதான் அது ஞாபகம் வருகிறது.

அதற்குப் பிறகு பத்து வருஷம். நீங்கள் சோற்றுக்கு வர நேரமானால், "கூட்டேரிப்பட்டுல நின்னுட்டீங்களா?" என்பேன். தம்பி கல்யாணத்தில் சொன்னேன். அம்மா திதியன்று தவறாமல் சொன்னேன். நீங்கள் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. ஆயுத பூஜை வந்தால் மட்டும், "எஞ்சினுக்கு வேணாம், ஹேண்டில்ல வச்சா போதும்" என்று குங்குமத்தை நீங்களே வாங்கி வைப்பீர்கள். சாமி மேல் இருந்த நம்பிக்கை விட்டுப் போய்விட்டதாக்கும் என்று அதற்கும் ஒரு பேச்சு பேசினேன்.

பொட்டலத்தில் இருந்தது அந்தக் கயிறு. பக்கவாட்டில் அறுத்து எடுத்திருக்கிறீர்கள். நான் போட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் கடுகளவு கருகியிருந்தது. கூடவே விரல் நீளத்துக்குப் பழைய வயர், பிறகு புதுசு மாற்றும்போது வெட்டி வைத்திருப்பீர்கள்; அதில் மெல்லிய வெடிப்பு. எஞ்சினில் வயரையும் கம்பியையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு, இதை ஏன் அறுத்தார் என்று ஒலக்கூர்க்காரரிடம் நீட்டினேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயரு வெடிச்சிருக்குது. அதும் மேல கயித்த கம்பியோட சேத்து இழுத்துக் கட்டிக்கிறாங்க. காஞ்சி கெடந்தா ஒண்ணும் ஆவாதும்மா. மழையில நனைஞ்சா கரண்டு பிளக்குக்குப் போவாம கயித்து வழியா கம்பிக்குப் போயிடும். வண்டி நின்னுடும். யாரும்மா கட்டுனது?"

ஸ்பேனரைக் கொடுத்தேன். சாக்கு போட்டுப் பாருங்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பியது. அவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது.

அந்தச் சாக்குக்குள் உங்கள் கண்ணுக்கு முன்னால் பொறி என் முடிச்சில் ஓடியிருக்கிறது. பார்த்தீர்கள், அறுத்தீர்கள், பையில் போட்டுக்கொண்டீர்கள். அரை மணி நேரத்தைத் தின்றது நான்தான் என்று எனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று நினைத்தீர்கள். சரியாகத்தான் நினைத்தீர்கள். இப்போது மட்டும் தாங்குகிறேனா? இதை ஏன் வைத்திருந்தீர்கள்? அடுப்பில் போட்டிருக்கக் கூடாதா? என்றைக்காவது என்னிடம் காட்டத்தானா, இல்லை அம்மன் கயிறு என்று தூக்கி எறிய மனசு வரவில்லையா? யாரைப் போய் நான் கேட்பேன்?

அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் போனதற்குப் பத்து வருஷம் உங்களைப் பழி சொன்னேன். இன்று உங்களிடம் சொல்ல வேண்டிய வார்த்தையும் என்னிடமே தங்கிவிட்டது. கயிற்றை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை நீங்கள் என்னைத் திருப்பித் திட்டியிருக்கலாம்.